ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஊர்க்கணக்கு

செவ்வாய்ச் சுற்றுநிலையம். இதைக் கண்டெடுப்பவருக்கு.

ஜூன் 3, காலை 6.10
காற்று, நீர், மின்சாரம் சரி. ஆள்: மரபணு ஆய்வாளர் வடிவு, நான் ஒருத்தி.

கீழே குடியிருப்பில் இருப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சுரங்கக்காரர்கள். மூன்று தலைமுறையாயிற்று. புழுதிப்புயலுக்குப் பிறகு அவர்கள் வானொலி ஊமை. எத்தனை பேர் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. ஆய்வு ஊர்தி அவர்கள் வாசலில் கிடந்த ரத்தம் தோய்ந்த கட்டுத்துணியை மேலே அனுப்பியிருக்கிறது. ஒரே பெண்ணின் ரத்தம். போதும். ஒருவர் மரபணுவிலிருந்தே அவர் முன்னோர் கூட்டத்தின் அளவைக் கணிக்கலாம்.

ஜூன் 4, மாலை 5.40
கூட்டத்தின் அளவைக் காட்டும் வளைகோடு வந்துவிட்டது. பழங்காலத்தில் பெருங்கூட்டம். கடைசியில் கிணற்றில் விழுந்ததுபோல் சரிவு. அவள் மரபணுவின் தாய்வழிப் பாதியும் தந்தைவழிப் பாதியும் நீளநீளமாக ஒன்றுபோல இருக்கின்றன. ஆள் அருகிப்போய்ச் சொந்தத்துக்குள்ளேயே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பத்துப் பேர் மிச்சம் என்கிறது கணிப்பு.

பாவம். ஆனால் சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பத்துப் பேர் இங்கே வந்து சத்தம் போடட்டும். இந்த அமைதி என்னைத் தின்கிறது.

ஜூன் 5, காலை 9.15
பூமியிலிருந்து வந்துகொண்டிருக்கும் மீட்புக் கப்பலின் தலைவர் அமலதாஸ், தூத்துக்குடிக்காரர், செய்தி அனுப்பினார்:
"பத்து பேருன்னா ஒங்க நெலையத்து எறங்குபடகே போதும் மேடம். நான் பூமிக்குத் திரும்பிருதேன். திரும்பிட்டா மறுபடி வர எரிபொருள் கெடையாது. உறுதிதானா?"
உறுதி என்றேன்.

ஜூன் 9, பிற்பகல் 2.20
படகு ஆளில்லாமல் இறங்கியது. அதன் வானொலியில் ஒரு பெண் குரல். பேச்சியம்மையாம். துணியில் இருந்தது அவள் ரத்தம்தான், பாறை கிழித்த கை. அவள் அம்மா யாரைக் கட்டினாள் என்று கேட்டேன்.
"தாய்மாமனத்தான். எங்க ஆளுகள்ல அதுதான முறை? நானூறு பேரும் நல்லாத்தான் இருக்கோம்க்கா. காத்துதான் இந்த வாரத்தோட தீருது."

யாரும் யாரையும் கட்டுவார்கள் என்று வைத்துக் கணக்குப் போடும் நிரல் அது. மாமனைக் கட்டும் வழக்கத்தை ஆள் பஞ்சம் என்று படித்துவிட்டது. அதற்கு என்ன தெரியும்? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். என் அம்மா கட்டியதும் தாய்மாமனைத்தான்.

2.50
அமலதாசைக் கூப்பிட்டேன். அவரால் மறுபடி இங்கே வர முடியாது. அழுதார்.
படகில் பத்து இருக்கை. ஒரு நடைக்குத்தான் எரிபொருள்.

3.05
கீழே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பெட்டிகளை இழுக்கும் சத்தம். பேச்சியம்மை மறுபடி கேட்கிறாள்:
"எல்லாரும் வாசலுக்கு வந்துட்டோம்க்கா. மொத நடையில எத்தன பேரு?"
விரல் வானொலிப் பொத்தானில் இருக்கிறது. நான் அவளிடம்...