நைந்த ஓரம்

சுளுக்குக்காரருக்கு,

திரைக்கு அந்தப் பக்கம் மயக்கம் தெளியாமல் படுத்திருக்கிறீர்கள். நீங்கள் கண் விழித்ததும் நான் வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரியே கூடிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வெளியே வந்தார். "முழங்கால் ஜவ்வு கிழிஞ்ச புதுசுலயே ஆபரேஷன் பண்ணியிருந்தா தச்சிருக்கலாம்மா. இப்ப ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு, வெட்டித்தான் எடுத்தேன். ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்கன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இருக்கிற பணம் சம்சாரத்தோட கடை முன்பணத்துக்குன்னுட்டாரு" என்றார்.

என்னிடம் என்ன சொன்னீர்கள்? "வெறும் சுளுக்குடி, தைலம் தேச்சா ஓடிடும்." நானும் மாங்கு மாங்கென்று தேய்த்தேன்.

தையல்கடை வேண்டும் என்று கேட்டேன்தான். உங்கள் காலை விற்று வாங்கித் தரச் சொன்னேனா? நாள் முழுக்க மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டுகிற மனிதர் நீங்கள். இனிமேல் மண்டியிட முடியுமா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு நா எழவில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழிசலைப் பற்றி எனக்கா தெரியாது? உடனே கொண்டுவந்தால் தையல் நிற்கும். நைந்துபோனால் நூல் பிடிக்காது. அதற்குத்தானே கடைப் பலகையில், "கிழிந்த அன்றே கொண்டுவாருங்கள்" என்று பெரிதாக எழுதவைத்தேன்!

அந்தக் காலோடு ஏணியில் ஏறி அதை மாட்டியவர் நீங்கள். "கோணலா இருக்கா பாருடி" என்று மேலிருந்து சிரிப்பு வேறு.

மாட்டும்போது அதைப் படிக்கவே இல்லையா நீங்கள்?

திரைக்கு இந்தப் பக்கம்,
உங்கள் தையல்காரி