சுவரில் இருக்கும் உங்கள் கை

என் உயிரான அப்பாவுக்கு,

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் திருத்திய சுவர் உள்ளே உக்கிப்போயிருக்கிறது, அப்பா.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை ஆணியில் மாட்டினேன். ஆணியோடு ஒரு பெரிய துண்டு சீமெந்து கழன்று காலடியில் விழுந்தது. அது கல்லுப் போல முழுதாகக் கிடந்தது. பின்னால் இருந்த செங்கல்தான் விரல் பட்டதும் ஈர மாவாக உதிர்ந்தது. அலுமாரியை முக்கித் தள்ளி ஓட்டையை மறைத்துவிட்டேன்.

எப்படி அப்பா? பழைய சுண்ணாம்புச் சாந்து மழைக்குக் கரைகிறது என்று சுரண்டி எறிந்துவிட்டு, கல் இடுக்கெல்லாம் சீமெந்து அடைத்து, மேலேயும் பூசினீர்களே. "என்ரை வள்ளத்துக்குள்ளையே ஒரு சொட்டுத் தண்ணி வராது, சுவருக்குள்ளை வருமோ?" என்று சிரித்தீர்களே. காயுமுன் வலது கையை அதில் பதித்தீர்களே.

கோயில் மதில் திருத்தும் மேசனிடம் ஓடினேன். சிநேகிதி வீட்டுச் சுவர் என்று பொய் சொன்னேன்.

"சிநேகிதியின்ரை அப்பா கடலுக்குப் போறவரோ?"

"ஓம்."

"அதுதான், வள்ளம் மாதிரி அடைச்சுப் போட்டார். வள்ளத்துக்கு வெளியிலைதான், பிள்ளை, தண்ணி. சுவருக்கு நிலத்தாலையும் ஏறும். சுண்ணாம்பெண்டால் வெயிலுக்கு ஈரத்தை வெளியிலை விடும். சீமெந்து விடாது. இப்ப மரம் வைச்சு முண்டு குடுக்கச் சொல்லு. மழை விட்டாப்பிறகு முழுக்க உடைச்செடுத்து, கல்லை மாத்தி, சுண்ணாம்பு வைக்கவேணும்." பிறகு என்னைப் பார்த்தார். "கீழை ஆரும் படுக்கினமோ?"

நான் திரும்பி ஓடி வந்துவிட்டேன். உங்கள் கைத்தடத்துக்குக் கீழேதான் தம்பி படுக்கிறான்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் இல்லாமல் போனதிலிருந்து, மீன் விற்கப் போகுமுன் ஒவ்வொரு காலையும் அந்தத் தடத்தில் தன் கையை வைத்துவிட்டுத்தான் போகிறார். சுவரில் வெடிப்புத் தெரிகிறது என்று அயல்வீட்டு அன்ரி சொன்னதற்கே, "அவர் செய்த வேலை. ஆரும் தொட்டால் தெரியும்!" என்று பாய்ந்தார். நீங்கள் பிழை விட்டீர்கள் என்று நான் சொல்லவேண்டுமா?

தம்பியைப் பாயோடு என் பக்கம் இழுத்தேன். "என்னக்கா, பேய்க்குப் பயமோ?" என்று கேலி செய்தான். ஓம் என்றேன். இப்போது நித்திரை. மழை விடவில்லை. சுவரில் ஏதோ உதிர்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டுமா கேட்கிறது?

விடிந்ததும், அம்மா சுவரடிக்குப் போகுமுன், அலுமாரியை நகர்த்திக் காட்டுவேன். அடிக்கட்டும், அழட்டும். அப்பா, உங்கள் கை தம்பிக்கு மேலே விழ நான் விடமாட்டேன்.

அந்தத் தடத்தை இன்னும் நிரப்பாத கையால்,
உங்கள் மூத்த மகள்