பெரிய குடிகாரன்

மார்ச் 4
மருத்துவர் என் கல்லீரல் படத்தைக் காட்டினார். ஊசி வழியாக வந்த கிருமி பதினோரு வருடமாகத் தின்றிருக்கிறது. பாதி தழும்பாம். பன்னிரண்டு வாரம் மாத்திரை. "ஒரு சொட்டு வோட்கா உள்ள போச்சு, அப்புறம் என்கிட்ட வராதீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஓஷ் நகரத்தில் நான் செய்யாத ஒரே தப்பு குடிதான்.

மார்ச் 9
ஹெராயினை விட்டு, அதற்கு மாற்று மருந்தான மெத்தடோனைத் தினமும் குடிக்க ஆரம்பித்து எட்டு மாதம். அண்ணன் மாமசாலி கொண்டாடினான் — வோட்காவோடு! "ஊசிய விட்டுட்டான் என் தம்பி! இனிமே நம்மள மாதிரி மனுஷன். குடிடா!" ஊசி போட்ட காலத்தில் இதே மேசையில் எனக்கு ரொட்டித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. வயிற்றுவலி என்று தப்பித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மார்ச் 10
மாத்திரை. தலைவலி. அண்ணன் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 2
இருபதாம் தேதி என் மகள் ஐஜிரெக்குக்குக் கல்யாணம். ஊசி போட்ட அத்தனை வருடமும் நான் சைபீரியாவில் மரம் அறுத்ததாகச் சம்பந்தி தோக்தோசுனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். விருந்தில் பெண்ணின் அப்பாதான் முதலில் வாழ்த்திக் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். குடிக்காமல் வைத்துவிட்டால் சம்பந்தியை அவமதித்த மாதிரி. நோய் என்றால், எப்படி வந்தது என்பார்கள். ஊசி தெரிந்தால் அந்த வீட்டில் என் பெண் என்ன பாடுபடுவாள்?

ஒரே ஒரு கோப்பைதானே? — அன்றைக்கும் இப்படித்தானே நினைத்தேன், ஒரே ஒரு ஊசிதானே என்று.

ஏப்ரல் 20
கோப்பை கையில். ஐஜிரெக் குனிந்து காதில் சொன்னாள்: "குடிக்காதீங்கப்பா. கல்யாணம் நின்னா நிக்கட்டும்." பாவிப் பெண்ணே, உனக்கு எப்படிம்மா இவ்வளவு தைரியம்?

கோப்பையை வைத்தேன். "சம்பந்தி, என் ஈரல் போச்சு. குடிச்சா செத்துடுவேன்."

தோக்தோசுன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அடேயப்பா! ஈரல் போற அளவுக்குக் குடிச்ச ஆளா நீங்க! அந்தக் குளிர்ல மனுஷன் வேற என்னதான் பண்ணுவான்!" கைதட்டல். பெரிய விருந்தாளிக்கு மட்டும் வைக்கும் ஆட்டுத் தலையை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் அண்ணன் முணுமுணுத்தான்: "நீ எப்படா குடிச்ச?"

மே 28
மாத்திரை முடிந்தது. ரத்தத்தில் கிருமி இல்லை. தழும்பு இருக்கிறது, இருக்கட்டும். பேருந்தில் நின்றுகொண்டே அழுதேன்.

ஜூன் 15
சம்பந்தி தன் தம்பி எசெனைக் கூட்டி வந்தார். கண்ணெல்லாம் மஞ்சள். "இவனும் உங்கள மாதிரிதான் சம்பந்தி, குடிச்சே கெட்டான். உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க." எங்களை முற்றத்தில் விட்டுவிட்டுத் தேநீருக்கு உள்ளே போனார்.

கொளுத்துகிற வெயிலிலும் எசெனுக்கு முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.

"என்ன குடிப்ப?"

"வோட்கா."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

முழித்தான். நான் என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி ஊசித் தழும்புகளைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினான்.

"நாளைக்குக் காலைல என்னோட வா."

"வீட்ல என்னன்னு சொல்றது?"

"குடிய விடப் போறேன்னு சொல்லு. எல்லாரும் முதுகுல தட்டிக் கொடுப்பாங்க."