கோணல் திரை

அக்காவுக்கு,

மாத்திரை மட்டும் போதாது, பேசினால்தான் மனச்சோர்வு தீரும் என்று நீ பிடுங்கியெடுத்ததால் ஆறு வாரமாக அந்தக் கவுன்சலிங் அம்மாவிடம் போகிறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. "இந்த வாரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இதற்கு ஒரு படிப்பா?

அவர் அறை ஜன்னல் திரையின் அடிமடிப்பு படு கோணல். தையல்காரனான நான் எத்தனை வாரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்? நேற்று, "கழட்டிக் குடுங்க, பார்க்கச் சகிக்கலை" என்று எரிந்து விழுந்தேன். மறுபேச்சில்லாமல் நாற்காலியில் ஏறிக் கழற்றித் தந்தார்.

வீட்டில் பாதி தைத்த பிறகுதான் உறைத்தது. ஏழு மாதமாக மூடிக்கிடந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

"நான் அப்பவே சொல்லலை?" என்று ஆரம்பிக்காதே. அடுத்த வாரம் போவது திரையை மாட்ட மட்டும்தான்.

அந்த அறையில் இன்னொரு ஜன்னலும் இருக்கிறது.

உன் தம்பி