நொய்ச்சோறும் சில்லெலும்பும்

அக்கா,

இன்று சாயங்காலம் குக்கர் மூடியைத் திறந்ததும், நொய்யும் கோழிக்கறியும் சேர்ந்து வெந்த ஆவி முகத்தில் அடித்தது. மிளகு தூக்கலாக, நீங்கள் சமைக்கும் அதே வாசனை. உடனே மனதில் வந்தது உங்கள் முகம் அல்ல. 'இதில் கறி எங்கே போயிற்று?' என்ற பழைய கேள்விதான்.

மண்ணூரில் நாம் ஒரே வீட்டில் இருந்தபோது, கோழி வாங்கும் நாட்களில் அந்தக் கேள்வியோடுதான் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்குவேன். இவர், உங்கள் கொழுந்தனார், முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது கறி வாங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆபீஸில் டைப் அடித்துவிட்டு நான் வருவதற்குள் இருட்டிவிடும். நீங்கள் மாடு கறந்த கையோடு நொய்யையும் கறியையும் ஒரே பானையில் போட்டு இறக்கியிருப்பீர்கள்.

"ஆளுக்கொரு நேரத்துல வர்ற வூட்டுக்கு இதான் தோது" என்பீர்கள்.

என் பையன் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். உங்கள் தட்டில் எலும்பு குவிந்திருக்கும்.

அவனோ இளைத்துக்கொண்டே வந்தான். எடை ஏறவில்லை என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். அவனுக்குப் பேச்சு வராத வயது, கேட்கவும் முடியாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த என் அம்மா வேறு, "பிள்ளை பெறாதவ கையில சோத்துக்கு விட்டிருக்கியே" என்று காதில் போட்டுவிட்டுப் போனாள். பி.எஸ்ஸி. படித்தவள் நான், அதை நம்பவில்லை. ஆனால் தட்டில் கிடந்த எலும்பை நம்பினேன்.

ஒருநாள் தலைவலி என்று பர்மிஷன் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வந்தேன். வாசலுக்குப் போகாமல் பின்பக்க ஜன்னலில் நின்றேன். பையன் உங்கள் மடியில் இருந்தான். கறியை எலும்பிலிருந்து பிய்த்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தீர்கள். எதையோ பொறுக்கித் தட்டின் ஓரம் வைத்தீர்கள். பிறகுதான் நொய்யோடு மசித்து ஊட்டினீர்கள். அவன் பாதியைத் துப்பினான். வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினீர்கள். வெறும் எலும்பைச் சப்பிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டீர்கள்.

"இன்னாமே, சொந்த வூட்டையே வேவு பாக்குறியா?"

"இல்லக்கா, தலைவலி..."

"ஜன்னலாண்ட நின்னா தலவலி தீந்துடுமா? உள்ள வா. கைய நீட்டு."

நீட்டிய கையில் ஊசிபோல ஒரு சில்லை வைத்தீர்கள்.

"கடைக்காரன் வெட்டற வெட்டுல எலும்பு சில்லு சில்லா தெறிக்குது. கொழம்புன்னா அடியில தங்கிடும். இது ஒரே பானை. மஞ்சள் போட்டா நொய்யும் சில்லும் ஒரே நெறம். அவன நம்பி கொழந்தைக்கு ஊட்ட முடியுமா?"

'என்மேல் சந்தேகமா?' என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அதற்குப் பிறகு கோழி சமைத்த நாளெல்லாம், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டை என் பக்கம் தள்ளுவீர்கள்: "இந்தா, போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கோ."

பையனுக்கு வயிற்றில் பூச்சி இருந்திருக்கிறது. மருந்து கொடுத்த பிறகு தேறிவிட்டான். மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது உங்களைத் தேடி அழுகிற அளவுக்கு வளர்ந்திருந்தான்.

இன்று சின்னவளுக்கு ஊட்ட உட்கார்ந்தேன். பசியில் அவள் கத்துகிறாள். "ஊட்டித் தொலையேன், எவ்வளவு நேரம் பிசைவே" என்கிறார் இவர். கத்தட்டும் என்று கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குக்கரையும் நம்பவில்லை, கடைக்காரனையும் நம்பவில்லை, என் கண்ணையும் நம்பவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை அக்கா. அத்தனை நாள் சமைத்ததில், எனக்குத் தெரியாமல் சதையோடு ஒரு துண்டாவது நீங்கள் தின்றீர்களா? தின்றிருக்க வேண்டும் என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன்.