சுரங்கத்தில் நிற்கும் மூணு பத்து

மார்ச் 3, ஞாயிறு

மத்தியானம் மூணு பத்து வண்டி இன்றைக்கும் சுரங்கத்துக்குள் போய் நின்றுவிட்டது. யாராவது ஒருவர் பலகைக்கு அடியில் தவழ்ந்து போய், அட்டை மலையைத் தூக்கி, இன்ஜினை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் நான்தான். துடைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஓடுகிறது. ஏன் நின்றது, ஏன் ஓடுகிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வாரத்தில் ஆறு நாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறேன். ஏழாவது நாளும் அதே பிழைப்பு, ஆட்கள் மட்டும் கட்டைவிரல் உயரம்.

ஒன்பது வருஷமாகக் கட்டுகிறோம் இந்தப் பொம்மை ரயில் லைனை. என் வீட்டு மாடி அறை, பதினாறடிப் பலகை, பள்ளிக்கூடத்திலிருந்து பிரியாத மூன்று பேர். தண்டவாளம் போடுவது டாக்டர். பல் டாக்டர், அந்தக் கைக்குத் தண்டவாளம் கட்டுப்படும். வயரிங் நான். நேர அட்டவணை விசில். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன், இன்னமும் விசில் ஊதித்தான் வண்டியை எடுக்க விடுவான். ஓட்டுவது எல்லோரும். தூசி துடைப்பது, எண்ணெய் விடுவது, பழுது பார்ப்பது எல்லாம் நான். கேட்டால், "வீடு உன்னுதுதானே" என்கிறார்கள்.

முழங்கால் வலிக்கிறது. போதும்.

மார்ச் 6, புதன்

பதினோரு மாடிக் கட்டடம். லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவன் எப்படி மேலே போவான்? படியில்தான். மாடி அறைப் பக்கம் போகவே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

நின்றது. அதே இடம்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், கரண்ட் ஒழுங்காக வருகிறது. அப்படியானால் வயரிங் இல்லை. வயரிங் இல்லை என்றால் தண்டவாளம். தண்டவாளம் என்றால்…

சுரங்க வாசலில் டாக்டர் போன மாதம் புதிதாக ஜல்லி போட்டான். டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்டவாளக் கட்டைகள் மேலெல்லாம் கோந்து சொட்டியிருக்கிறது, ஜல்லி திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு கல்லாக இடுக்கியில் எடுத்து வைக்கிறவன் செய்த வேலையா இது? கேட்கவில்லை. அவனும், வழக்கமாகக் கையில் நீட்டுகிற தேநீர்க் கோப்பையை, நானே எடுத்துக்கொள்ளட்டும் என்று தட்டிலேயே வைத்துவிட்டான்.

சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டு தொங்குகிறது. "தொட்டவன் எழுதணும்" என்பது விசில் போட்ட சட்டம். எந்தப் பாகத்தில் யார் கை வைத்தாலும் தேதி போட்டு எழுதிவிட வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் புரட்டினேன். ஒரு வருஷத்தில் சுரங்கப் பக்கத்தில் ஒரே பெயர், டாக்டர்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் தனியாகப் பன்னிரண்டு சுற்று ஓட்டினேன். ஒரு தடவை நிற்கவில்லை. மத்தியானம் அவர்கள் வந்தார்கள், மூணு பத்து கிளம்பியது, நின்றது. என் ராசி.

விசிலுக்கு முகம் சுண்டிவிட்டது. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அவன் பஸ் இப்படி நின்றதில்லையாம். நின்ற கதை நாலைந்தை அவனே சொல்லியிருக்கிறான். வாயை மூடிக்கொண்டு பலகைக்கு அடியில் போனேன். அடியிலிருந்து பார்த்தால் நாலு கால்கள், தேநீர், சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வந்தது. இதைக் கட்டி மேய்க்க நான் ஒருத்தன், ஓட்டிப் பார்க்க மூணு பேர்.

மார்ச் 24, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நின்றது. விசில் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினான். நான் அடியிலிருந்து வந்து, நோட்டை ஆணியிலிருந்து எடுத்து, உரக்கப் படித்தேன், போலீஸ்காரன் மாதிரி. இந்த வருஷம் சுரங்கத்தைத் தொட்டது ஒரே ஆள் என்றேன். ஜல்லி மட்டும்தான் போட்டேன், தண்டவாளத்தில் கை வைக்கவில்லை என்றான் டாக்டர், அமைதியாக. அந்த அமைதிதான் எனக்கு ஏறிவிட்டது.

"உன் கை நடுங்குதுடா. இந்தக் கையை எப்படி அடுத்தவன் வாய்க்குள்ள வைக்கிற?"

சொன்னது நான்தான். விசில் கூட இல்லை, நான்.

டாக்டர் கையில் இருந்த இன்ஜினைத் தண்டவாளத்தில் வைக்கப் போனான். சக்கரம் உட்காரவில்லை. இன்னொரு தடவை வைத்தான், உட்காரவில்லை. மெல்லப் பலகை ஓரத்தில் படுக்க வைத்துவிட்டு, எப்போதும் சொல்கிற மாதிரி "வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனான்.

மார்ச் 25, திங்கள்

மனைவிக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. இன்றைக்குப் படுக்கப் போகும்போது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். எனக்கா ஆடத் தெரியாது? வயரிங்கில் மீட்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 31, ஞாயிறு

டாக்டர் வரவில்லை. விசில் வந்தான். வண்டியே ஓட்டவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்றும் வரவில்லை. விசில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தான். பிறகு சொன்னான். டாக்டர் ஆறு மாதமாகப் பல் பிடுங்குவதில்லையாம். துளை போடுவதும் இல்லை. ஜூனியராக ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறானாம். சீட்டில் எழுத்தும் புரிவதில்லை என்று மருந்துக்கடையில் திருப்பி அனுப்புகிறார்களாம்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எனக்கும் அவன் சொல்லலடா. நான் பல்லைக் காட்டப் போனேன், பார்த்தேன். பார்த்துட்டு வாயை மூடிட்டேன். உனக்கு அது வரலையே."

வரவில்லைதான். நாக்கில் சனி.

ஏப்ரல் 9, செவ்வாய்

டாக்டரின் மனைவி போன் செய்தார். திட்டுவார் என்று பார்த்தால், "அண்ணே, நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் நரம்பு டாக்டர்கிட்ட வந்தார். நான் ஒரு வருஷமா கெஞ்சினேன், வரல" என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாமாம்.

என்னைத் தேற்றத்தான் சொல்கிறார். நல்லதுக்கா சொன்னேன் நான்? எரிச்சலில் சொன்னேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் தண்டவாளம் அவன் வேலைதான். அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

தெரியாது. ஒரு மண்ணும் தெரியாது எனக்கு.

இரண்டு மணிக்கு மலையை முழுசாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வண்டி விடவில்லை, சும்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கு ஜன்னல் வெயில் பலகைக்கு வந்தது. மூன்று மணி வாக்கில், கண் முன்னாலேயே, தண்டவாளம் மெல்லக் கூன் போட்டுத் தூக்கியது. நகக்கண் அளவுதான். இன்ஜின் சக்கரம் அந்தரத்தில் நிற்க அது போதும். காலையில் ஏன் நிற்கவில்லை, வெயில் நகர்ந்ததும் ஏன் ஓடுகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெயிலில் இரும்பு நீளும், நீள இடம் வேண்டும். துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும்.

விடவில்லையா அவன்? கத்தியால் சுரண்டினேன். ஈயம். பளபளவென்று உருண்டையாக, வழித்துவிட்ட மாதிரி. நான் வைத்த ஈயம் எனக்குத் தெரியாதா?

போன மழைக்காலம். ஈரத்தில் சுரங்கத்துக்குள் ரயில் பெட்டி விளக்கு மங்கி மங்கி எரிந்தது. ஒரு சாயங்காலம் தனியாக வந்து, கரண்ட் நன்றாகப் பாயட்டும் என்று, ஒவ்வொரு இடைவெளியையும் ஈயம் வைத்து அடைத்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. கீழே இருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போய்விட்டேன். நோட்டில் எழுதவில்லை. மறதி என்று எழுதலாம். மறதி இல்லை. நோட்டை வைத்திருப்பவனே நான், எனக்கு நானே என்ன கணக்குக் காட்டுவது என்கிற திமிர்.

எல்லாவற்றையும் சுரண்டிப் பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டு. அடியில் டாக்டர் விட்ட இடைவெளிகள். அவன் விசிட்டிங் கார்டைச் செருகிவைத்துத்தான் அடுத்த துண்டைத் தள்ளுவான். எல்லாம் ஒரே அளவு, மயிரிழை கூடக் குறைய இல்லை.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பழமொழி எதுவும் சொல்லவில்லை. "போய்ச் சொல்லுங்க" என்றாள்.

ஏப்ரல் 15, திங்கள்

நோட்டில் எழுதினேன். பழைய தேதி போட்டு, என்ன செய்தேன், யார் செய்தது. ஒன்றரை வரி. வேலைக்குப் போனேன். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்ததும் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். அந்தக் கையைப் பிடிக்காதீங்க என்று சொல்லத் தோன்றியது.

ஏப்ரல் 17, புதன்

டாக்டருக்குப் போன் அடித்தேன், மூன்று தடவை. எடுத்து "ஹலோ" என்றான். நான் வைத்துவிட்டேன். அறுபது வயதை எட்டப்போகிறவன் செய்கிற காரியமா இது?

விசிலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் கேட்டுவிட்டு, இதை ஏன் என்கிட்ட சொல்றே, நான் என்ன தண்டவாளம் போட்டவனா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஏப்ரல் 20, சனி

லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனேன். காத்திருப்பவர்கள் நாலு பேர். அவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். முன்னறை மேசையில் டாக்டர், வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேசைக்கடியில் கொண்டுபோய்விட்டான். அதைப் பார்க்க முடியவில்லை என்னால்.

"பல்லா?" என்றான்.

வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்று கூட மிஞ்சவில்லை. "இடைவெளியை அடைச்சது நான்தான்டா. நோட்டுல எழுதல" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். "இருபத்திரண்டையுமா?"

"ம்."

"கிறுக்கா." அவ்வளவுதான். கோபமே இல்லை அதில், சோர்வுதான். பிறகு சொன்னான், "அது சரியாயிடும். வெட்டினா சரியாயிடும். ஆனா கை நடுங்குறது நிஜம்தானேடா. அதுக்கு என்ன பண்ணப் போற?"

என்ன பண்ணப் போகிறேன்? லிஃப்ட் என்றால் பார்ட்டை மாற்றலாம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அதுவும் வாயில் வரவில்லை. எழுந்து உள்ளே போய், அவன் நாற்காலியில் ஏறிப் படுத்து, வாயைத் திறந்தேன்.

ஜூனியரம்மா வந்தார்கள். தலையை ஆட்டினேன். வாசலில் நின்ற டாக்டரைப் பார்த்து, "நீ பாரு" என்றேன்.

பார்க்க மட்டும்தான் செய்வேன், மெஷினைத் தொட மாட்டேன் என்றான். கையுறை மாட்டிக்கொள்ளவே நேரம் பிடித்தது. உதவிக்கு வந்த ஜூனியரம்மா எதையோ புரிந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். விளக்கைப் போட்டான். அந்தச் சின்னக் கண்ணாடி வாய்க்குள் வந்தது. என் பல்லில் டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். நான் வாயை மூடவில்லை. மறுபடி உள்ளே விட்டான், டிக் டிக் என்று எல்லாப் பல்லையும் பார்த்து முடித்தான். என் கண்ணில் தண்ணீர் வந்தது. விளக்கு கூசுகிறது என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும்.

"கீழ வலது பக்கம் சொத்தை இருக்கு. அந்தம்மா அடைச்சு விடுவாங்க. அடைக்க வேண்டியதை விட்டுட்டு வேற எதையோ அடைச்சிருக்க" என்றான்.

கிளம்பும்போது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தான். இந்தக் கனத்துக்கு மேல் வெட்டாதே என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

டாக்டர் வரவில்லை. விசில் டார்ச் பிடிக்க, இருபத்திரண்டையும் வெட்டினேன். அவன் ஒரு நாளில் முடிப்பதற்கு எனக்குப் போன ஞாயிறும் இன்றும் என்று இரண்டு நாள் ஆனது, அதிலும் மூன்று கோணல். நோட்டில் எழுதினேன், கோணல் உட்பட. வண்டி விடவில்லை. அவன் இல்லாமல் விட வேண்டாம் என்று விசில் சொன்னான், எனக்கும் மனசு வரவில்லை.

மே 5, ஞாயிறு

காலையில் டாக்டர் போன் செய்தான். கிளினிக்கை ஜூனியரம்மா பேருக்கு மாற்றியாகிவிட்டதாம், போர்டைக் கழற்ற வேண்டுமாம். ஆள் வைத்துக் கழற்றிக்கொள்ளலாம்தான். "நீ ஏணியை எடுத்துட்டு வா" என்றான்.

மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுப் போனோம். விசில் ஏணியைப் பிடித்துக்கொண்டான். இருபத்தெட்டு வருஷப் போர்டு, வெயிலில் அவன் பெயரே வெளிறிப் போயிருக்கிறது. மூன்று ஸ்க்ரூ சுலபமாக வந்துவிட்டது. நாலாவது துருப்பிடித்து இறுகிவிட்டது. அந்தப் பெயரைப் பார்க்காமல் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று முரட்டுத்தனமாகத் திருகினேன்.

டாக்டர் கீழே நின்று இரண்டு கையாலும் போர்டின் அடியைத் தாங்கியிருந்தான். போர்டு லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. கையை மறைக்கவில்லை.

"மெதுவாடா. மூணு பத்துக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றான்.

எண்ணெய் விட்டு, மெதுவாகக் கழற்றினேன்.