சுதீர் போகும் சனிக்கிழமைகள்

5 மார்ச் 2007, திங்கள்

துவைக்க எடுத்த சுதீரின் கோட்டுப் பையில் ஒரு மரக் கிலுகிலுப்பை. சுழற்றினால் கறகறவென்று சத்தம். எங்கள் வீட்டில் இதற்கு ஆள் இல்லை. போன அக்டோபரில் பிறந்தவள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். அன்றிலிருந்து அவளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. சனிக்கிழமையானால் "ஆபீஸ்ல வேலை" என்று கிளம்புகிறான். ஸ்டுட்கார்ட்டில் சனிக்கிழமை எந்த ஆபீஸ் திறக்கிறது? லேப்டாப் மேசைமேல்தான் கிடக்கிறது.

இது எந்த வீட்டுக் குழந்தையுடையது?

6 மார்ச்

கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லுவான்.

10 மார்ச், சனி

பின்னாலேயே போனேன். டிராமில் அவன் முதல் பெட்டி, நான் கடைசி. இறங்கி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தான். வாசலில் போலீஸ் வண்டி, சுவரில் எபிரேய எழுத்து — யூத ஆலயம்! எதிரிலேயே நின்றுகொண்டிருந்த என்னிடம் போலீஸ்காரர் வந்து பாஸ்போர்ட் கேட்டார். கணவருக்காக நிற்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. கணவரை நானே நம்பவில்லை, அவரைச் சொல்லி என்ன?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மதம் மாறப் போறியா?"

"இல்ல யாமினி. போரிஸ் கூட்டிட்டுப் போனான்." கூட வேலை பார்க்கிறவன், ஒடெஸாவிலிருந்து வந்த யூதன். "வாரா வாரம் தோராவில, அதான் அவங்க வேதத்தில, ஒரு பகுதி படிப்பாங்க. அப்புறம் உட்கார்ந்து அதைப் பத்திச் சண்டை போடுவாங்க. நான் சும்மா கேட்டுட்டு இருப்பேன்."

"கிலுகிலுப்பை?"

"பூரிம் பண்டிகைக்குக் குடுத்தது. கதையில வில்லன் பேர் வர்றப்பல்லாம் சுத்தணும். பெரியவங்களும்தான்."

"வில்லன் பேரு?"

"ஆமான்."

எனக்கு ஆமாம் என்றுதான் கேட்டது. பொய்யாக இருக்க முடியாது. ஆனால் முழு உண்மையும் இல்லை.

3 ஏப்ரல், செவ்வாய்

நேற்று போரிஸ் வீட்டில் பெசாக் பண்டிகை விருந்து. எங்களை எதற்கு அழைக்கிறார்கள்? ஆள் பிடிக்கிறார்களோ? அவன் மனைவி மரீனாவிடம் கேட்டே விட்டேன். சிரித்தாள். மதம் மாறத் தானாக வருகிறவர்களையே மூன்று தடவை திருப்பி அனுப்புவார்களாம்.

கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தாள். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்களின் கண்ணீராம். கண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி மேசை நடுவில் வைக்கிறார்கள். நான் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறேன்.

14 ஏப்ரல், சனி

சித்திரை ஒன்று. வேப்பம்பூ கிடைக்கவில்லை. "இன்னிக்கு நீயும் வா" என்றான். ஏன் இன்றைக்கு?

ஆலயத்தில் பெண்கள் உட்காரும் பக்கத்தில் மரீனா ஜெர்மன் மொழிபெயர்ப்பைத் திறந்து விரலால் காட்டினாள். மோசேயின் அண்ணன் ஆரோனின் இரண்டு மகன்கள் ஒரே நாளில் செத்துப்போகிறார்கள். மோசே ஏதோ விளக்கம் சொல்கிறார். ஆரோன் பேசவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

வெளியே வந்ததும், "இந்தப் பகுதி வரும்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"நவம்பர்லயே போரிஸ் சொன்னான். இந்தப் பகுதி படிக்கிற வாரம் வரைக்கும் போகணும்னு நெனச்சேன். என்னால பேச முடியல யாமினி. பேசினா அவ இல்லைன்னு ஆயிடும்."

இவனுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சேனே. இத்தனை மாசமா — பக்கத்திலேயே படுத்துக்கிட்டு!

டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து சொன்னான். ஆபரேஷன் முடிந்து நான் மயக்கத்தில் கிடந்தபோது மகள் இவன் விரலைப் பிடித்துக்கொண்டாளாம். இறுக்கமாக. எனக்குத் தெரியாத ஒன்று. இரண்டு டிராம்களை விட்டுவிட்டோம்.

21 ஏப்ரல், சனி

இன்றைய பகுதி, பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு என்கிறது. பெண் குழந்தையென்றால் இரண்டு மடங்கு நாள். எனக்குப் பொறுக்கவில்லை. இவர்களை இன்னும் முழுசாக நம்பவும் இல்லை. ஆனாலும் படித்து முடித்து எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் முதலில் பேசியது நான்தான்.

"எனக்கு ஒரு மகள் பிறந்தாள்" என்று ஆரம்பித்தேன்.

யாரும் குறுக்கிடவில்லை. சுதீர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.